‘சத்தத்தைக் குறை’ என்று சொல்வதற்கு முன்: காது மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்



மார்ச் 3, உலகச் செவித்திறன் நாள். அந்த நாளை ஒட்டி நீங்கள் கல்லூரிகளுக்குப் போகிறீர்கள், துண்டறிக்கை கொடுக்கிறீர்கள், உள்காதின் படத்தைத் திரையில் காட்டிப் பேசுகிறீர்கள். சொல்வதன் சாரம் ஒன்றுதான்: சத்தத்தைக் குறையுங்கள். உங்கள் கவலை முழுக்க நியாயமானது. பாதுகாப்பற்ற முறையில் இசை கேட்பதால் 100 கோடிக்கும் மேற்பட்ட இளம் வயதினர் செவித்திறனை இழக்கும் அபாயத்தில் இருக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அந்த இளைஞர்கள் நீங்கள் பேசும்போது கவனமாகக் கேட்டுக்கொள்கிறார்கள். மாலையில் ராக் நிகழ்ச்சி தொடங்கியதும் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் போய் நிற்கிறார்கள். அவர்கள் அறியாமையால் அப்படிச் செய்கிறார்கள், அல்லது வீம்புக்குச் செய்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு பேசுவதால்தான் உங்கள் அறிவுரை வாசலிலேயே நின்றுவிடுகிறது என்பது என் எண்ணம். ராக் இசையில் ஒரு பகுதி ஒலியைக் கூட்டினால்தான் காதில் விழுகிறது. இன்னொரு பகுதி கூட்டினால்தான் உடம்பில் இறங்குகிறது. ரசிகர் தேடுவது அதைத்தான். அந்த இன்பம் உண்மையானது என்று ஒப்புக்கொண்டு தொடங்கினால் காதைக் காப்பாற்றும் வழியும் தெளிவாகத் தெரியும்.

இந்த இசை ஏன் இவ்வளவு சத்தமாக வளர்ந்தது என்பதிலிருந்து தொடங்குகிறேன். அதன் நடுவில் டிரம் செட் இருக்கிறது. ஒலிபெருக்கி எதுவும் இல்லாமல் பலம்கொண்டு வாசித்தாலே அது பக்கத்தில் நிற்பவருக்கு 100 டெசிபெலைத் தாண்டிவிடும். கிட்டாரும் குரலும் அதற்கு ஈடுகொடுக்க மின்சாரத்தின் துணை வேண்டும். பிறகு கூட்டம் பெருகியது. 1965 ஆகஸ்ட் 15 அன்று நியூயார்க்கின் ஷே ஸ்டேடியத்தில் பீட்டில்ஸ் பாடியபோது சுமார் 55,600 பேர் திரண்டிருந்தார்கள். அவர்களின் அந்தச் சுற்றுப்பயணத்துக்கென்றே செய்துகொடுத்த 100 வாட் வாக்ஸ் ஆம்ப்ளிஃபையர்களும் ரசிகர்களின் கூச்சலில் மூழ்கிப்போயின. மேடையில் இருந்தவர்களுக்கே தங்கள் வாசிப்பு சரியாகக் கேட்கவில்லை. அதே ஆண்டு மேற்கு லண்டனின் ஹேன்வெல் பகுதியில் இசைக்கருவிக் கடை நடத்திவந்த டிரம் ஆசிரியர் ஜிம் மார்ஷலிடம், ‘தி ஹூ’ குழுவின் பீட் டவுன்ஷெண்டும் ஜான் என்ட்விசிலும் இன்னும் பலமான கருவி கேட்டார்கள். 100 வாட் ஆம்ப்ளிஃபையரும், நான்கு 12 அங்குல ஸ்பீக்கர்கள் கொண்ட பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றிய அடுக்கும் பிறந்தது அப்படித்தான். 50 வாட்டை 100 வாட் ஆக்கினால் ஒலி 3 டெசிபெல்தான் கூடும் என்பதும், காதுக்கு இருமடங்காகத் தோன்ற ஏறத்தாழ 10 மடங்கு மின்திறன் வேண்டும் என்பதும் உங்களுக்குத் தெரிந்ததே. அவ்வளவு சிறிய ஏற்றத்துக்காகக் கலைஞர்கள் அத்தனை பெரிய பெட்டிகளை ஊர் ஊராகச் சுமந்தார்கள் என்றால், அதில் அவர்களுக்கு வேறு ஏதோ கிடைத்திருக்க வேண்டும்.

கிடைத்தது புதிய நாதம். வால்வு ஆம்ப்ளிஃபையரை அதன் எல்லைக்குத் தள்ளும்போது, உள்ளே வரும் அலையின் உச்சிகளை அதனால் அப்படியே பெரிதாக்க முடிவதில்லை, நசுக்கிவிடுகிறது. நசுங்கிய அலையில், தொட்ட சுரத்துக்கு மேலே முன்பு இல்லாத ஹார்மோனிக்குகள் முளைக்கின்றன. மீட்டியவுடன் தேயவேண்டிய கிட்டார் ஒலி, வில் போட்டு இழுத்தாற்போல நீள்கிறது. இன்னும் கூட்டினால் ஸ்பீக்கரிலிருந்து வரும் ஒலியே கிட்டார் தந்தியைத் திரும்ப அதிரவைத்து, அந்த அதிர்வு மறுபடி ஸ்பீக்கருக்குப் போய், முடிவில்லாத ஒரு சுழற்சி உண்டாகிறது. ஃபீட்பேக் என்ற இந்தப் பிழையை 1964இல் பீட்டில்ஸ் ‘ஐ ஃபீல் ஃபைன்’ பாடலின் தொடக்கத்தில் வேண்டுமென்றே வைத்தார்கள். ஐந்து ஆண்டுகள் கழித்து வுட்ஸ்டாக் இசைவிழாவில் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் அமெரிக்க தேசிய கீதத்தை வாசித்தபோது, குண்டு விழும் ஓசையையும் அபாயச் சங்கின் ஓலத்தையும் அதே பிழையிலிருந்துதான் எடுத்தார். பறையைத் தீயில் காய்ச்சாமல் அடித்தால் என்ன வருமோ, அதுதான் ஒலி கூட்டப்படாத ராக் கிட்டாரிலிருந்தும் வரும். சத்தம் இந்த இசைக்குப் பின்னால் வந்து சேர்ந்த பழக்கம் என்று நினைப்பவர்கள் இந்த வரலாற்றைப் பார்க்க வேண்டும். நாதம் உருவானதே அந்தச் சத்தத்துக்குள்தான்.

‘அதெல்லாம் கருவிக்குள் நடப்பது, பதிவான பிறகு மெதுவாக வைத்துக் கேட்டாலும் அதே நாதம்தானே இருக்கும்’ என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. பதிவில் இருக்கும், காதில் இருக்காது. 1933இல் பெல் ஆய்வகத்தின் ஹார்வி ஃப்ளெட்சரும் வில்டன் மன்சனும் வரைந்து காட்டிய சம ஒலிப்புணர்வுக் கோடுகள் உங்கள் பாடநூல்களில் இருக்கின்றன. மெல்லிய ஒலியில் மனிதக் காது தாழ்ந்த சுரங்களுக்குப் பாதி செவிடு. ஒலியைக் கூட்டக் கூட்ட அந்தக் கோடுகள் தட்டையாகின்றன, அதாவது அடித்தளச் சுரங்கள் மற்றவற்றைவிட வேகமாக மேலெழுந்து வருகின்றன. பேஸ் கிட்டாரின் தடித்த தந்தி 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம்மின் வலுவும் அந்தப் பக்கம்தான். மெதுவாக வைத்தால் இவை இரண்டும் பின்வாங்கி, குரலும் கிட்டாரின் கீறலும் மட்டும் மிஞ்சும். அஸ்திவாரம் இல்லாத வீடு போன்ற ஒலி அது. பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையர்களில் ‘லவுட்னஸ்’ என்று ஒரு பொத்தான் இருக்கும். மெதுவாகக் கேட்கும்போது பேஸ் ஒலியைத் தனியாகத் தூக்கிவிடுவதுதான் அதன் வேலை. ஒலியைக் குறைத்தால் இசையின் சமன் குலைகிறது என்று அதைச் செய்த பொறியாளர்களே ஒப்புக்கொண்ட சாட்சி அது. ஆகவே ஒலியைக் கூட்டுகிற இளைஞர் ஒரே இசையைப் பெரிதாகக் கேட்கவில்லை, வேறு இசையைக் கேட்கிறார்.

காதைத் தாண்டி நடப்பது இதைவிடச் சுவாரசியமானது. தலைச்சுற்றலோடு வருபவர்களுக்கு நீங்கள் வெம்ப் பரிசோதனை செய்கிறீர்கள். காதில் பலமான ‘டிக்’ ஒலி கொடுத்தால் கழுத்துத் தசை துடிக்கிறதா என்று பார்க்கிறீர்கள். உள்காதில் சமநிலைக்காக இருக்கும் சாக்யூல் என்ற சிறு பை, பலமான ஒலிக்கும் பதில் சொல்லும் என்பதால்தான் அந்தப் பரிசோதனையே சாத்தியம். பல மீன்களுக்கு இதே பைதான் முக்கியமான கேட்கும் உறுப்பு. மான்செஸ்டரின் ஆய்வாளர்கள் நீல் டாட், ஃப்ரெடரிக் கோடி ஆகிய இருவரும் 2000ஆம் ஆண்டில், நடன இசையை ஒத்த ஒலியைப் பலமாகக் கொடுத்து இதே தசைத் துடிப்பை அளந்தார்கள். ஏறத்தாழ 90 டெசிபெலுக்கு மேல் அது தோன்றியது. ராக் நிகழ்ச்சிகளிலும் நடன அரங்குகளிலும் மக்கள் விரும்பித் தேடும் ஒலியளவு ஏன் அந்த எல்லைக்கு மேலேயே இருக்கிறது என்பதற்கு இது உடலியல் காரணமாக இருக்கலாம் என்றார்கள். ஊஞ்சலில் ஆடும்போதும் ராட்டினத்தில் இறங்கும்போதும் விழித்துக்கொள்ளும் அதே சமநிலை உறுப்பை, நின்ற இடத்திலேயே நிற்கும் ஒருவருக்குள் பேஸ் ஒலி தட்டி எழுப்புகிறது என்பது அவர்கள் கருத்து. கழுத்துத் தசை துடித்தது என்பது அளக்கப்பட்ட உண்மை. அதனால்தான் இன்பம் வருகிறது என்பது இன்னும் ஊகம்தான். இரண்டையும் நான் குழப்பவில்லை. ஆனால் ஊகத்துக்குத் துணை நிற்கும் வேறு சான்றும் உண்டு. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில், ஆய்வுக்கென்றே கட்டிய அரங்கில், ஓர்ஃபெக்ஸ் என்ற மின்னணு இசை இரட்டையர் வாசித்தபோது, காதுக்குப் புலப்படாத அளவு தாழ்ந்த அதிர்வை இடையிடையே போட்டும் நிறுத்தியும் பார்த்தார்கள். அது ஓடிய நேரங்களில் கூட்டத்தின் அசைவு சராசரியாக 11.8 சதவீதம் கூடியது. 2022இல் வெளியான ஆய்வு இது. அங்கே இருந்தவர்களுக்கு அந்த அதிர்வு இருந்ததே தெரியாது, உடம்புக்குத் தெரிந்திருக்கிறது. அது ராக் நிகழ்ச்சி இல்லை என்றாலும், தாழ்ந்த அதிர்வு மனம் அறியும் முன்பே உடலை அசைக்கிறது என்பதற்கு நேரான சாட்சி.

உடலியலோடு கதை முடிவதில்லை. நியூசிலாந்தின் ஓக்லாந்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் வெல்ச்சும் கய் ஃப்ரெமோவும், பலத்த ஒலியை ஏன் விரும்புகிறார்கள் என்று மக்களிடமே கேட்டு 2017இல் எழுதினார்கள். எழுச்சி, பிறரோடு இணைவது, வெளி ஓசையையும் வேண்டாத நினைவுகளையும் மறைப்பது, தன் அடையாளத்தை வலுவாக உணர்வது என்று நான்கு காரணங்கள் வந்தன. மூன்றாவது காரணத்தில் நான் கொஞ்சம் நின்றுவிடுகிறேன். நாள் முழுவதும் பிறருடைய ஓசைக்குள் வாழ்பவர்களுக்கு, தானே தேர்ந்தெடுத்த ஓசை ஒரு சுவர் போல எழுந்து நிற்கிறது. அந்தச் சுவருக்குள் தேர்வு இல்லை, வேலை இல்லை, வீட்டுச் சண்டை இல்லை. பிளாக் சபாத் குழு பர்மிங்ஹாமின் ஆஸ்டன் பகுதியிலிருந்து, தொழிற்சாலைகளின் நடுவிலிருந்து வந்தது. கிட்டார் கலைஞர் டோனி ஐயோமி 1965இல் தகடு வெட்டும் ஆலையில் விரல் நுனிகளை இழந்தவர். பாடகர் ஓஸி ஆஸ்பர்ன் இளமையில் கார் ஹாரன்களை ஒலிக்கவைத்துச் சரிபார்க்கும் வேலை செய்தவர். பகலெல்லாம் இயந்திரத்தின் ஓசையைச் சகித்துக்கொண்டவர்கள், மாலையில் அதைவிடப் பெரிய ஓசையைத் தாங்களே எழுப்பினார்கள், அதைத் தங்கள் விருப்பப்படி தொடங்கினார்கள், நிறுத்தினார்கள். ஆட்டப்பட்டவர்கள் ஆட்டுவிப்பவர்கள் ஆன அந்த விடுதலையை டெசிபெல் மீட்டர் காட்டாது.

விருப்பம் என்ற சொல்லுக்கு எவ்வளவு எடை என்பதற்கு எதிர்த்திசையில் ஒரு சான்று உண்டு. 1989 டிசம்பரில் அமெரிக்கப் படைகள் பனாமாவுக்குள் நுழைந்தபோது, அந்நாட்டின் ஆட்சியாளர் மானுவல் நோரியேகா வாத்திக்கன் தூதரகத்துக்குள் புகுந்துகொண்டார். கட்டடத்தைச் சூழ்ந்த படையினர் ஒலிபெருக்கிகள் வைத்து ராக் பாடல்களை உச்ச ஒலியில் போட்டார்கள். வாத்திக்கன் எதிர்ப்புத் தெரிவித்த பிறகே அது நின்றது. நோரியேகா 1990 ஜனவரி 3 அன்று சரணடைந்தார். ஸ்டேடியத்தில் ஆயிரக்கணக்கானவர் பணம் கொடுத்துப் போய்க் கேட்கும் அதே இசை, அடைபட்ட ஒருவருக்கு எதிரான ஆயுதமாக இருந்தது. அடுத்த வீட்டுக்காரர், பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை, நோயாளி ஆகியோர் சார்பில் நீங்கள் எழுப்பும் ஆட்சேபத்தை நான் முழுமையாக ஏற்பது இதனால்தான். கேட்கும் உரிமையில் கேட்கவைக்கும் உரிமை சேராது. இந்தியாவின் 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபெல் என்று வரம்பு வைத்திருப்பதும், இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கியைக் கட்டுப்படுத்துவதும் சரியே. நான் வாதாடுவது, கதவடைத்த அரங்குக்குள் விரும்பிப் போய் நிற்பவருக்காக.

‘இது மேற்கத்திய மோகம், நம் மரபில் இல்லாதது’ என்று சிலர் சொல்வதுண்டு. ராக் இசை மேற்கில் பிறந்தது என்பது சரி. பலத்த ஒலியில் உடம்பு சிலிர்ப்பது மேற்குக்கு மட்டும் சொந்தமில்லை. திருவிழாவில் சாமி புறப்படும்போது தவிலும் நாகஸ்வரமும் ஒன்றாக உச்சிக்கு ஏறுவதையும், உறுமி அடிவயிற்றில் இறங்குவதையும் அறிந்த ஊர் இது. திறந்த வெளிக்காக வளர்ந்த வாத்தியங்கள் அவை. சாக்யூல் எல்லாருடைய காதிலும்தான் இருக்கிறது. பலத்த இசை மூர்க்கத்தை வளர்க்கும் என்ற அச்சமும் பரவலானது. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் லியா ஷார்மனும் ஜெனிவீவ் டிங்கிளும் கடும் மெட்டல் இசை கேட்கும் 39 பேருக்கு முதலில் கோபமூட்டி, பிறகு ஒரு சாராரைத் தங்கள் இசையைக் கேட்கவும் மற்றவர்களைச் சும்மா இருக்கவும் விட்டார்கள். 2015இல் வெளியான அதன் முடிவில், இசை கேட்டவர்களின் கோபம் அதனால் ஏறவில்லை; உற்சாகமும் உத்வேகமும்தான் கூடின. சிறிய ஆய்வு, ஒலியளவை மட்டும் தனியே சோதித்ததும் அல்ல. ஆனாலும் அச்சத்தின் பக்கம் இந்த அளவு சான்றுகூட எனக்குத் தென்படவில்லை.

இனி, உங்களுடைய வலுவான ஆட்சேபத்துக்கு வருகிறேன்: சேதம். ஒரு காதில் ஏறத்தாழ 15,000 மயிரணுக்கள். மாண்டது மீண்டும் முளைக்காது. இதற்கு எதிர்வாதம் கிடையாது. 1976 மே 31 அன்று லண்டனின் சார்ல்டன் கால்பந்து மைதானத்தில் ‘தி ஹூ’ நிகழ்ச்சி 32 மீட்டர் தொலைவில் 126 டெசிபெல் அளக்கப்பட்டு கின்னஸ் நூலில் ஏறியது. காதுக்குக் கேடான போட்டியை ஊக்குவிக்கக் கூடாது என்று பின்னாளில் அந்நூலே அந்தப் பிரிவைக் கைவிட்டது. அதே குழுவின் டவுன்ஷெண்ட் காது இரைச்சலோடும் கேட்புக் குறைவோடும் வாழ்கிறார். ஏசி/டிசி குழுவின் பாடகர் பிரையன் ஜான்சன் 2016இல் சுற்றுப்பயணத்தை நடுவில் விட நேர்ந்ததும் காதுக் கோளாறால்தான். பழக்கமாதல் என்ற ஆபத்தும் உண்டு. பலத்த ஒலியில் நேரம் போகப்போகக் காது மந்தமாகி, அதை ஈடுகட்ட மேலும் கூட்டத் தோன்றும். சென்ற ஆண்டு போதுமாக இருந்த அளவு இந்த ஆண்டு போதவில்லை என்றால் அந்த ரசிகர் உங்களிடம் வந்தே ஆக வேண்டும். இன்பம் உண்மையானது என்பதால் கேடு பொய்யாகிவிடாது. இன்பம் தரும் ஒலியும் கேடு தரும் ஒலியும் பெரும்பாலும் ஒரே எல்லையைச் சுற்றியே நிற்கின்றன என்பதுதான் இதில் உள்ள துயரம்.

பெரும்பாலும் என்றேன்; முழுவதும் இல்லை. உங்கள் துறையின் கணக்கே அந்த இடைவெளியைக் காட்டுகிறது. அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனமான நயோஷ் விதிப்படி 85 டெசிபெலில் 8 மணி நேரம் இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபெலுக்கும் நேரம் பாதியாகும். 105 டெசிபெல் அரங்கில் வெறும் காதோடு நிற்க அனுமதி 5 நிமிடம்கூட இல்லை. எல்லாச் சுரங்களையும் ஏறத்தாழ ஒரே சீராக 15 டெசிபெல் குறைக்கும் காதடைப்பான்கள் இசைக் கலைஞர்களுக்கென்றே 1980களின் இறுதியிலிருந்து விற்பனையில் இருக்கின்றன. அதைச் சரியாகப் பொருத்திக்கொண்டால் அதே அரங்கில் காதுக்குள் போவது 90. நயோஷ் கணக்கில் இரண்டரை மணி நேரம். ஒரு முழு நிகழ்ச்சி. டாடும் கோடியும் கண்ட எல்லையும் அந்த 90தான். நெஞ்சுக்கூட்டையும் உள்ளங்காலையும் அடையும் பேஸ் அதிர்வைக் காதடைப்பான் தொடுவதே இல்லை. ஆக, இந்த இசையின் உடல்சுகத்தில் பெரும்பங்கைக் காதைப் பலி கொடுக்காமல் பெற முடியும். சரியாகப் பொருந்தாவிட்டால் இந்தக் கணக்கு கெடும் என்பதால்தான் பொருத்தக் கற்றுக்கொடுக்க நீங்கள் வேண்டும். 2022இல் உலக சுகாதார நிறுவனம் அரங்குகளுக்கு வெளியிட்ட நெறிமுறை, 15 நிமிடச் சராசரி 100 டெசிபெலைத் தாண்டக் கூடாது, ஒலியளவை நேரடியாகக் கண்காணிக்க வேண்டும், காதடைப்பான் கிடைக்கச் செய்ய வேண்டும், ஒதுங்கி இளைப்பாற அமைதியான இடம் வேண்டும் என்கிறது. ஒலியை ஒழிக்கச் சொல்லும் ஆவணம் இல்லை இது. இன்பத்தோடு சமரசம் செய்துகொண்ட ஆவணம். மை பிளடி வாலண்டைன் என்ற அயர்லாந்து–இங்கிலாந்துக் குழு, தன் நிகழ்ச்சிகளுக்கு வருபவர்களுக்குக் காதடைப்பான் கொடுத்துவிட்டுத்தான் அந்தப் பெருவெள்ளமான ஒலியைத் திறந்துவிட்டது.

ஹெட்ஃபோன் கதை வேறு, அதில் நான் உங்கள் கட்சி. அங்கே நெஞ்சு அதிர்வதில்லை, கால் அதிர்வதில்லை, கூடியிருக்கும் கூட்டமும் இல்லை. முழு அழுத்தமும் செவிப்பறைக்கு. பேருந்து இரைச்சலை வெல்ல ஒலியைக் கூட்டுபவர் அரங்கில் கிடைக்கும் இன்பத்தின் சிறு பகுதிக்கு முழு விலை கொடுக்கிறார். தன் காதைக் கெடுத்தது மேடையைவிட ஸ்டுடியோவில் மாட்டிய ஹெட்ஃபோன்தான் என்று டவுன்ஷெண்டே பொதுவெளியில் எச்சரித்திருக்கிறார். வெளி இரைச்சலை அடக்கும் ஹெட்ஃபோன் வாங்கச் சொல்லுங்கள், ஒலியைக் குறைக்கச் சொல்லுங்கள், கண்டிப்பாகவே சொல்லுங்கள். ஆனால் அரங்குக்கும் ஹெட்ஃபோனுக்கும் ஒரே வாக்கியத்தைச் சொல்லாதீர்கள். அரங்கில் கிடைத்ததை அறிந்த இளைஞருக்கு அந்த ஒற்றை வாக்கியம் அறியாதவர் பேச்சாகவே கேட்கும். சொன்னவர் மீதான நம்பிக்கை போய்விட்டால் ஹெட்ஃபோன் பற்றிய நல்ல சொல்லும் அதோடு போய்விடும்.

ஆகவே உங்களிடம் என் வேண்டுகோள் இது. அடுத்த மார்ச் 3க்கு அச்சடிக்கும் துண்டறிக்கையில், ‘சத்தத்தைக் குறை’ என்ற வரிக்கு மேலே, பலத்த இசை ஏன் இவ்வளவு பிடிக்கிறது என்று ஒரு பத்தி எழுதுங்கள். சாக்யூலின் படத்தைப் போடுங்கள். கல்லூரி விழாவுக்குப் பேச அழைத்தால், மேடையில் பேசுவதோடு நிறுத்தாமல் வாசலில் ஒரு மேசை போட்டு, வருகிறவர்களுக்குக் காதடைப்பானைச் சரியாகப் பொருத்தக் காட்டுங்கள். ஒலிப் பொறியாளரின் மேசையில் டெசிபெல் மீட்டர் இருக்கிறதா என்று விழா நடத்துபவர்களிடம் கேளுங்கள். பிறகு நீங்களும் உள்ளே வந்து, காதடைப்பானோடு, பேஸ் ஸ்பீக்கரிலிருந்து சற்றுத் தள்ளி, ஒரு பாட்டு முடியும்வரை நில்லுங்கள்.